மல்லாட்டைப் பொடிக்கு அடியில்

அத்தியாயம் 11

போன வாரம் லூர்துசெல்வியை நாம் விட்டுவிட்டு வந்தபோது, திண்டிவனத்தில் தன் வீட்டு அடுப்படியில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதபடி நின்றாள். அழவைத்தவள் அவள் மகள் சகாய பிரியா. காரணம், உப்புக்கண்டம்.

சிரிக்க வேண்டாம். மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். ஏழாம் மாதம். சாப்பிடுவது எதுவும் வயிற்றில் தங்குவதில்லை, எடை ஏறவில்லை என்று டாக்டர் திட்டுகிறார். நாலு வருஷமாக எதையும் கேட்காத பெண், "ம்மா, நம்ம வூட்டு உப்புக்கண்டம் ரெண்டு துண்டு இருந்தா ஒரு தட்டு சோறு துன்னுடுவேம்மா" என்றால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்?

"ஏண்டி, அங்க மாட்டுக்கறி கெடைக்காதா?"

"எல்லாமே கெடைக்குதும்மா. கேப்பை மாவு பாக்கெட்ல கெடைக்குது. முருங்கக்கீரை கெடைக்குது. கருவாடு மார்க்கெட்டுல குமிச்சி வெச்சிருக்கான். மாட்டுக்கறி கடைக்குக் கடை தொங்குது. வாங்கிக்கினு வூட்டுக்குத்தான் போக முடியாது."

அந்த வீட்டைப் பற்றித் தெரிந்தால்தான் இது புரியும். இரண்டு அறை, ஒரே அடுப்படி. வாடகைச் சீட்டு திலகவதியின் கணவன் பெயரில் இருக்கிறது. திலகவதி விழுப்புரத்துப் பெண், பிரியாவின் ஆஸ்பத்திரியிலேயே லேபில் வேலை. நம்ம ஊர்க்காரப் பெண்ணாயிற்றே என்று பிரியாவுக்கும் அவள் கணவன் ஆண்டோவுக்கும் ஓர் அறையைக் கொடுத்தவள். நல்லவள்தான். பிரியா வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்று அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, பிரியா சொல்லவுமில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் கடற்கரையில் தமிழ்க் குடும்பங்கள் கூடும். வீட்டுக்கு ஒரு பலகாரம், ஊர் ருசி. ஆளாளுக்கு அவரவர் வீட்டுப் பெருமையைத் தூக்கில் கொண்டுவருவார்கள். பிரியா நாலு வருஷமாக எலுமிச்சம்பழச் சோறுதான் கொண்டுபோகிறாள். எலுமிச்சம்பழச் சோற்றைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாதல்லவா?

இப்போது திலகவதியின் அம்மா அம்மணி அம்மாள் மூன்று மாதம் மகளோடு இருக்க மஸ்கட் போகிறார். திங்கட்கிழமை விமானம். போகிறவர் கையில் பொட்டலம் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். அதிலேயே கண்டத்தையும் ஒளித்து அனுப்பச் சொல்லிவிட்டாள் பிரியா.

"திலகாக்கா எது வந்தாலும் பிரிச்சி பங்கு கேக்கும்மா. அதனால பொடிக்கு அடியில வையி. அது நைட் டூட்டி போறப்ப நான் ஜன்னலைத் தொறந்து வெச்சிக்கினு வறுத்துக்கறேன்."

சனிக்கிழமை காலை. லூர்துசெல்வி எவர்சில்வர் டப்பாவின் அடியில் பொட்டலத்தை வைத்து, மேலே வேர்க்கடலையை வறுத்து இடித்த மல்லாட்டைப் பொடியைக் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள். கறியை மூன்று சுற்றுக் காகிதத்தில் பொதிந்து, அதற்குமேல் பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தாள்.

வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் சூசைமுத்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே அது, கஞ்சாவா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதய்யா."

"கேக்கறேன். போலீஸ்காரன் புடிப்பான்னு பயந்துக்கினு வெக்கிற மாதிரி இல்ல வெக்கிற? கறியை வாங்கியாந்து கீறுனவன் நானு. உப்பும் மஞ்சளும் தடவி, கம்பியில கோத்து, காக்கா தூக்காம நாலு நாளு மாடியில காவல் இருந்தவன் நானு. எம் பொண்ணு துன்றதுக்குத்தானே? அதை ஏன் பொடிக்கு அடியில பொதைக்கிற?"

"அவ சொன்னா."

"அவ சொல்லுவா. அவ அங்க போயி இன்னா சொல்லிக்கினு இருக்கா தெரியுமா? வூடு பஸ் ஸ்டாண்டு பக்கமாம். காலனியில பொறந்தவளுக்கு பஸ் ஸ்டாண்டு எப்பமே பக்கமாச்சு?"

லூர்துசெல்விக்குச் சுருக்கென்றது. மகள் அப்படிச் சொல்லிவைத்திருப்பது அவளுக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் போய் நியாயம் பேச முடியுமா?

"புள்ளைக்கு எடை ஏறலய்யா," என்றாள். "நீ உன் ரோஷத்தை அப்புறமா வெச்சிக்க."

சூசைமுத்து வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பெயிண்ட் அடிக்கப் போகும் பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். கூட வருவதாக நேற்று சொன்னவன், "நான் வரல. நீயே போய்க் குடுத்துட்டு வா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் மாதா படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு பையைத் தூக்கினாள். கேப்பை மாவு ஒன்றரை கிலோ, தாளிப்பு வடகம் ஒரு கவர், பொடி டப்பா. அவள் வேலை பார்க்கிற மல்லாட்டை மில்லுக்கு அரைநாள் லீவு சொல்லியாகிவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒருத்தி பையின் மேல் காலை வைத்துவிட்டாள் என்று சண்டைக்கே போய்விட்டாள் லூர்துசெல்வி. இத்தனைக்கும் அவள் சண்டைக்காரி இல்லை.

அம்மணி அம்மாளின் வீடு விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில், கிரில் கேட் போட்ட மாடி வீடு. கேட்டைத் தொடுமுன்பே குரல் வந்துவிட்டது.

"வாங்க வாங்க, பிரியாம்மா! இந்த வெயில்ல எதுக்கு அலைஞ்சீங்க? எந்தத் தெருன்னு சொல்லியிருந்தா நான் ஆளு அனுப்பியிருப்பேனே. போன்ல கேக்கறப்பல்லாம் பேச்சை மாத்திட்டீங்க."

"உங்களுக்கு எதுக்குங்க செரமம்?"

அம்மணி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே அழைத்துப் போனார். ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, காபி போட்டுக் கொடுத்து, தானும் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஹாலின் நடுவே பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் பெட்டியை மாட்டி எடை பார்க்கிற தராசு.

"இருபத்தேழு கிலோ ஆயிடுச்சி. முப்பது வரைக்கும் விடுவான். மூணு கிலோ உங்க பொண்ணுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கேன். எம் பொண்ணுக்குச் சுட்ட முறுக்குலயே பாதியை எடுத்துட்டேன்னா பாத்துக்குங்களேன்!"

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க?"

"இருக்கட்டும். மாசமா இருக்கறது அதுதானே? எம் பொண்ணு போன் பண்ணா பாதி நேரம் பிரியா பேச்சுதான். பிரசவத்தப்ப நான் அங்கதான் இருப்பேன். பத்தியச் சாப்பாடு நான் ஆக்கிப் போடறேன். புள்ளையைக் குளிப்பாட்டறதும் நானே. ஆத்தா பக்கத்துல இல்லியேன்னு நீங்க கலங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

லூர்துசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசவத்துக்குப் போக அவளுக்கு பாஸ்போர்ட்டும் இல்லை, வழியும் இல்லை. ராத்திரியெல்லாம் நெஞ்சில் கனத்த பாரத்தை இந்த மனுஷி ஒரு நிமிஷத்தில் இறக்கிவைத்துவிட்டார். இவரிடமா ஒளிக்கிறோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அம்மணி அம்மாள் பையைத் தன் பக்கம் இழுத்தார். மாவையும் வடகத்தையும் எடுத்து முகர்ந்து பார்த்து, "நல்லா காஞ்சிருக்கு" என்றார். அப்புறம் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"இந்த டப்பாவே அரைக் கிலோ இருக்கும் போல. கவர்ல மாத்திடலாம்."

"வேணாங்க, டப்பாவோடயே இருக்கட்டும். வாசனை போயிடும்."

"அட, ஏர்போர்ட்ல நீங்களே கட்டுனதான்னு கேப்பான். நான் ஆமான்னு சொல்லணுமில்ல? அதான் யாரு குடுத்தாலும் பிரிச்சி என் கையாலதான் திரும்பக் கட்டுவேன். போன தடவை பக்கத்து வூட்டு ஊறுகாயைக்கூட அப்படித்தான் பண்ணேன்."

பொட்டலம் சுமப்பவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டென்று லூர்துசெல்விக்கு யாரும் சொல்லவில்லை. அவள் குடும்பத்தில் பிரியாவையும் ஆண்டோவையும் தவிர விமானம் ஏறியவர் யாரும் கிடையாது. அவள் கை நீளுமுன் அம்மணி அம்மாள் செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்துவிட்டார்.

பொடி குவிந்து விழுந்தது. அதன் தலையில் பொத்தென்று பொட்டலம் விழுந்தது.

"இது என்னா?"

கவரைப் பிரித்தார், காகிதத்தையும் பிரித்தார். கறுத்துச் சிவந்த துண்டுகள், விரல் நீளத்துக்கு. அம்மணி அம்மாள் முகம் மலர்ந்துபோயிற்று.

"அட, உப்புக்கண்டம்! இதைப் போய் ஏன் ஒளிச்சி வெச்சீங்க? கறி கொண்டு போக மாட்டேன்னு சொல்லுவேனோன்னு பயந்துட்டீங்களா?" சிரித்தார். "ஆடுதானே?"

"ஆமாங்க," என்றாள் லூர்துசெல்வி. யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எங்க மாமியா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் போடுவாங்க. இப்ப யாரு அந்தப் பேஜாரெல்லாம் படறா? எங்க வூட்டுக்காரரு இதுக்குன்னா உயிரை வுட்டுடுவாரு." உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏங்க! பிரியாம்மா உப்புக்கண்டம் கொண்டாந்திருக்காங்க. ரெண்டு துண்டு வறுக்கட்டா?"

உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்த விருத்தாசலம் வாத்தியாரின் குரல் வந்தது. "கேக்கணுமா? ஜல்தியா கொண்டா."

"நீங்க ஒண்ணும் நெனைச்சிக்காதீங்க, நாலே நாலு துண்டு," என்று சொல்லிக்கொண்டே அம்மணி அம்மாள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. வாணலியில் எண்ணெய் விழுந்தது.

லூர்துசெல்வி உட்கார்ந்த இடத்திலேயே கல்லாகிவிட்டாள். சும்மா இருந்தால் போதும். அவர்கள் சாப்பிடுவார்கள், பிரமாதம் என்பார்கள், பொட்டலம் மஸ்கட் போய்ச் சேரும், மகள் ஒரு தட்டு சோறு தின்பாள். பேறுகாலத்துக்கு ஆள் இருக்கும். இரண்டு துண்டு மாட்டுக்கறி தின்று உலகத்தில் யார் செத்தார்கள்? அவள் வீட்டில் நாலு தலைமுறை தின்றே வளர்ந்தது.

ஆனால் ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை அவருக்குத் தெரியாமல் அவர் தட்டில் வைப்பதா? அதுவும், கையைப் பிடித்து உட்காரவைத்து, உன் மகளுக்குப் பத்தியம் போடுகிறேன் என்று சொன்னவர் வீட்டில்? இந்த மனுஷர்கள் தன்னை நம்பி வாயைத் திறக்கிறார்கள். அந்த வாயில் பொய்யைப் போட்டுவிட்டு நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எந்த முகத்தோடு நன்மை வாங்கப் போவது?

எண்ணெய் காய்ந்து முதல் துண்டு சுர்ரென்றது. அவள் எழுந்து ஓடினாள்.

"போடாதீங்க! வேணாங்க!"

அம்மணி அம்மாள் கரண்டியோடு திரும்பினார். "ஏன், காரமா?"

"ஆடு இல்லீங்க."

"அப்புறம்?"

"மாடுங்க."

அம்மணி அம்மாள் கத்தவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அடுப்பை அணைத்தார்.

"திண்டிவனத்துல எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

லூர்துசெல்விக்கு அப்போது ஒரு வீம்பு வந்தது. காலையில் சூசைமுத்து துப்பிவிட்டுப் போனானே, அந்த வீம்புதான்.

"மயிலம் ரோடுங்க. சர்ச்சுக்குப் பின்னால காலனி. நாங்க அங்கதான் நாலு தலைமுறையா இருக்கோம்."

"ம்," என்றார் அம்மணி அம்மாள்.

"என்னா, வாசனை வருது, கறி வரலியே?" என்றார் வாத்தியார் உள்ளிருந்து.

"அது கெட்டுப்போச்சிங்க. நீங்க மோரு ஊத்திச் சாப்பிடுங்க."

வாணலியை இடுக்கியால் பிடித்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது கையில் வாணலி இல்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், இரண்டு தடவை. ஹாலுக்கு வந்து, இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெயிட்டு ஜாஸ்தியாயிடும் போலிருக்குது," என்றார்.

"மூணு கிலோ இருக்குன்னீங்களே?"

"திலகா இன்னும் நாலு சாமான் கேட்டிருக்கா. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சி."

பொய் என்று இருவருக்கும் தெரிந்தது. அப்போதே பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். லூர்துசெல்வி வரவில்லை. வாழ்நாள் முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிற காரியத்தைச் செய்தாள். கெஞ்சினாள்.

"கறி வேணாங்க, அதை நான் எடுத்துக்கறேன். கேப்பை மாவும் வடகமும் மட்டுமாவது கொண்டு போங்க. அது சுத்தமானதுங்க. புள்ளை எதுவும் துன்ன மாட்டேங்குதுங்க."

சுத்தமானது! அந்த வார்த்தை தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே உடம்பு கூசியது.

"அங்கயே எல்லாம் கெடைக்குதுங்களே," என்றார் அம்மணி அம்மாள்.

பிரியாம்மா என்று கூப்பிட்டது அதோடு நின்றுபோயிற்று. லூர்துசெல்வி தரையில் குந்தி, செய்தித்தாளில் கிடந்த பொடியைக் கையால் அள்ளி டப்பாவில் போட்டாள். அள்ள அள்ளத் தாளில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அம்மணி அம்மாள் உதவிக்குக் குனியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் திரும்பினாள். "என்னை எது வேணா சொல்லிக்குங்க. திலகாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அம்மணி அம்மாளின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "எம் பொண்ணு ஒரே அடுப்புல ஆக்கித் துன்னுக்கினு இருக்காளே. பெத்தவ நான் எப்படிச் சொல்லாம இருக்கறது?"

அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு லூர்துசெல்வி என்ன செய்வாள்? கேட்டைத் தானே சாத்திவிட்டு வந்தாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்த நிமிஷம் போன் அடித்தது. பிரியா.

"குடுத்துட்டியாம்மா?" குரலில் அப்படி ஒரு ஆசை.

மறைத்துப் பயனில்லை. நடந்ததைச் சொன்னாள். டப்பாவைக் கவிழ்த்தது, எண்ணெய் காய்ந்தது, தான் ஓடியது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆடுன்னே வுட்டிருக்கலாமில்ல?" என்றாள் பிரியா கடைசியில்.

"எப்படிடி வுடறது? நம்பித் துன்ன ஒக்காந்தவங்களுக்கு…"

"அவங்க நெனைப்புதான் வந்துச்சா? என் நெனைப்பு வரலியா?"

"பிரியா, பொய் சொல்லிக்கினு எத்தினி நாளு…"

"நாலு வருஷமா தெனமும் அதைத்தாம்மா பண்ணிக்கினு இருக்கேன்! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்காக நீ பண்ணியிருக்கக் கூடாதா?"

லூர்துசெல்வி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சரியால் மகளின் தலையில் இடி விழுந்ததும் தெரியும். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி மூச்சுவிடுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"திலகாக்கா வருதும்மா," என்று பிரியா கிசுகிசுத்தாள். போனைப் படுக்கையில் போட்டாள் போலும், நிறுத்த மறந்துவிட்டாள்.

"தூங்கறியா பிரியா?"

"இல்லக்கா, வாங்க."

"ஆண்டோ வேலைக்குப் போயிட்டாரா?" கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அம்மா இப்பத்தான் பேசினாங்க."

கட்டில் கிறீச்சிட்டது, பிரியா எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நான் எதுவும் தப்பா நெனைக்கல. எனக்கு அதெல்லாம் கெடையாதுன்னு உனக்கே தெரியும். எங்க வூட்டுக்காரருக்குத்தான்… அம்மா வேற வந்து தங்கப் போறாங்க. அதனால கிச்சன்ல உங்க பாத்திரம் எது எதுன்னு நீயே கொஞ்சம் எடுத்துத் தனியா வெச்சிடறியா?"

லூர்துசெல்வி போனைக் காதுக்குள் திணிப்பதுபோல அழுத்தினாள். பேசுடி, உங்கப்பன் மாதிரி ஒரு வார்த்தை பேசுடி என்று மனசுக்குள் கத்தினாள்.

"சரிக்கா," என்றாள் பிரியா.

டிரைவர் ஏறினார். பஸ் கிளம்பியது. லூர்துசெல்வி போனை நிறுத்தவில்லை. மஸ்கட்டில் அவள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துவைக்கும் சத்தம் விக்கிரவாண்டி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.